சீட் கம்பியில் மூன்றாவது கோடு

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, மூன்றாம் மாடி வீட்டின் முன்னறையில் ஐந்து பேர் இருந்தார்கள். வீட்டில் இருந்த ஒரே நாற்காலி மூத்தவருக்குப் போயிற்று. அவர் தையல்காரர், வீட்டுக்காரனுக்கு அண்ணன். விடுமுறை நாளிலும் அளவு நாடா அவர் கழுத்தைவிட்டு இறங்காது. கட்டில் விளிம்பில், கைப்பையை மடியைவிட்டு இறக்காமல், அவர் மனைவி. கூரியர் ஆபீஸ் கவுண்டரில் இருப்பவர். நலமா என்று கேட்டால்கூட அத்தாட்சியோடுதான் பதில் சொல்வார். வாசற்படியில் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே, பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன், வீட்டுக்காரிக்குத் தம்பி. தரையில், சுவரில் முதுகைச் சாய்த்து, யார் முகத்தையும் பார்க்காமல் நகத்திலிருந்த எண்ணெய் அழுக்கைச் சுரண்டிக்கொண்டு வீட்டுக்காரன். சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவன் மனைவி.

யாரும் உட்காராத இடம் ஒன்று பாக்கி. ஜன்னலுக்குக் கீழே, காற்றும் வெளிச்சமும் வருகிற நல்ல இடம். சுவரில் ஹேண்டில்பார் உரசி உரசிக் காரை பெயர்ந்திருந்தது. தரையில் விரித்த சாக்கில் செயின் எண்ணெய்க் கறை. ஆறு வருஷமாக அங்கே நின்ற சைக்கிள் நேற்று வீடு திரும்பவில்லை.

"ஆக, மூணாவது சைக்கிளும் போச்சு," என்றார் தையல்காரர், நாடாவின் இரு முனைகளையும் சமமாக இழுத்து விட்டுக்கொண்டு.

"போகல மாமா," என்றாள் வீட்டுக்காரி. "வரல. அவ்வளவுதான்."

"வராததுக்கும் போனதுக்கும் எங்க கவுண்டர்ல ஒரே பேருதாம்மா," என்றார் கூரியரம்மா.

அவள் தோளில் கிடந்த துண்டை எடுத்து நாலாக மடித்துத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டாள். வேலை செய்யும் இடத்தில் அவளுக்குப் பெயரே மடிப்பு. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கும் பகுதியில் இருந்தாள். விரிப்பு என்றில்லை; பஸ் டிக்கெட், ரொட்டி சுற்றி வந்த காகிதம், கோபம், எது கையில் கிடைத்தாலும் ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்துத்தான் வைப்பாள்.

சைக்கிள் ஏன் வரவில்லை என்பதற்கு முன்னால், அது தினமும் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

அவளுக்கு விடியற்காலை ஷிப்டு. அவள் கணவன் ஐஸ் தொழிற்சாலையில் கம்ப்ரஸர் பார்ப்பவன். அவனுக்குப் பிற்பகல் ஷிப்டு. இரண்டு வேலைக்கும் ஒரே சைக்கிள். அவள் இருட்டோடு கிளம்பிப் போவாள். மதியம் ஷிப்டு விட்டதும் மிதித்துக்கொண்டு வந்து, ரப்பர் ஸ்டாம்பு கடை முக்கில் இறங்குவாள். அவன் வீட்டிலிருந்து நடந்துவந்து அங்கே நிற்பான். சீட்டுக்கு அடியில் ஒரு ஸ்பேனர் கயிற்றில் தொங்கும். அதை அவிழ்த்து அவன் சீட்டை ஏற்றுவான். சீட் கம்பியில் இரண்டு கோடுகள்: மேலே இருக்கிற வெள்ளை அவளுடையது, கீழே இருக்கிற சிவப்பு அவனுடையது. வெள்ளையிலிருந்து சிவப்புக்கு ஏற்றி முறுக்குகிற நேரத்துக்குள் குடும்பச் சமாச்சாரம் மொத்தமும் பேசி முடித்தாக வேண்டும்.

"பின் சக்கரத்துல காத்து கம்மி."

"தண்ணி பிடிச்சு வெச்சுட்டேன்."

"சாவி எடுத்தீங்களா? ராத்திரி கதவைத் தட்டி என்னை எழுப்பாதீங்க."

அவ்வளவுதான். அவன் ஏறிக்கொண்டு ஐஸ் தொழிற்சாலைக்குப் போவான், அவள் நடந்து வீட்டுக்குப் போவாள். அவன் ராத்திரி திரும்பும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். அவள் காலையில் கிளம்பும்போது அவன் தூங்கிக்கொண்டிருப்பான். கல்யாணமானவர்கள் என்பதற்குச் சாட்சி அந்த முக்கும் அந்த ஸ்பேனரும்தான் என்று அவள் தம்பி கேலி பேசுவான்.

இன்னொரு சைக்கிள் வாங்கினால் என்ன என்று கேட்காதவர்கள் கிடையாது. முதல் இரண்டு சைக்கிள்களையும் கீழே மாடிப்படிக்கு அடியில்தான் விட்டார்கள். இரண்டையும் யாரோ பூட்டோடு தூக்கிக்கொண்டு போனார்கள். அதனால் மூன்றாவதைத் தோளில் சுமந்து மேலே கொண்டுவந்து வீட்டு மனுஷன் மாதிரி உள்ளே நிறுத்தினார்கள். இன்னொன்று வந்தால் புருஷன் பெண்டாட்டியில் ஒருவர் படிக்கட்டில்தான் படுக்க வேண்டும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்ததில் போன புதன்கிழமை ஒரு மாற்றம் வந்தது. மேனேஜரம்மா அவளைக் கூப்பிட்டு, மடிப்புப் பகுதி முழுவதற்கும் அவளையே மேற்பார்வையாளராகப் போட விரும்புவதாகச் சொன்னார். காலை எட்டுக்கு வந்து மாலை ஆறுக்குப் போக வேண்டும். சம்மதமா இல்லையா என்று கைப்பட எழுதி, திங்கட்கிழமை காலைக்குள் தன் பெட்டியில் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆளைக் கேட்பதாகவும் சொன்னார்.

வேலை அவளுக்கு வேண்டும். அதில் அவளுக்கு ஊசிமுனை அளவும் சந்தேகம் இல்லை. எந்த வார்டுக்கு எத்தனை விரிப்பு போக வேண்டும், எந்த இஸ்திரி உருளையில் சூடு ஏறினால் துணி பழுக்கும் என்பதெல்லாம் அவளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். ஆனால் மாலை ஆறுவரை அவள் அங்கே இருந்தால், மூன்று மணிக்கு ஐஸ் தொழிற்சாலையில் இருக்க வேண்டிய சைக்கிள் சலவைக்கூட வாசலில் நிற்கும். ஐஸ் தொழிற்சாலைக்கோ பஸ் கிடையாது, லாரிதான் போகும். முந்தின ஷிப்டுக்காரர், இவன் போய் முன்னால் நின்றால்தான் இயந்திரத்தைவிட்டு நகர முடியும்.

"நீதாம்மா பஸ்ல போகணும்," என்று கூரியரம்மா அன்றே போனில் சொல்லிப் பார்த்தார். "சைக்கிளை அவனுக்கு விட்டுடு."

"பஸ்ல போனா பஸ்ஸு போற நேரத்துக்குத்தான் நான் போகணும் அக்கா. எல்லாருக்கும் முன்னாடி போய்க் கதவைத் திறக்கவேண்டியவ, எல்லாருக்கும் பின்னாடி போய் மன்னிப்பு கேட்டா நல்லாவா இருக்கும்?"

அது சாக்கு அல்ல. மழைக்கால ஆரம்பத்தில் பத்து நாள் சைக்கிளை ஓவராயிலுக்கு விட்டபோது அவள் பஸ்ஸில் போய்ப் பார்த்தவள்தான். இரண்டு பஸ் மாறி, ஒற்றைக்காலில் நின்று, யாருடைய முழங்கையோ விலாவில் ஊன்ற, வேலைக்குப் போய்ச் சேரும்போதே பாதி வேலை முடித்த களைப்பு. சைக்கிளில் அப்படி இல்லை. ரொட்டி அடுப்பின் வாசனை வரும்போது இடது பக்கம் ஒதுங்க வேண்டும். அங்கே ரோட்டில் பள்ளம். மரக்கடை நாய் குரைக்கும், துரத்தாது. பெடலை நிறுத்தினால்தான் துரத்தும். பாலத்தின் ஏற்றத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு மிதிக்க வேண்டும், எதிர்காற்று என்றால் தலையைக் கவிழ்த்துக்கொள்ள வேண்டும். உச்சியில் ஒரு பெருமூச்சு. அதற்கப்புறம் இறக்கம். இறக்கத்தில் அவள் ஒருநாளும் பிரேக் பிடித்ததில்லை. காது இரண்டிலும் காற்று கத்தும், கண்ணில் நீர் வரும், ஆற்றுக்கு மேலே வெளுத்துக்கொண்டுவருகிற வானம் அவளுக்கென்றே விரித்துப் போட்டதுபோல இருக்கும். கூடத்துக்குள் நுழையும்போது உடம்பு சூடாக, மனசு தெளிவாக, வாயில் ஒரு பாட்டோடு நுழைவாள். அதைக் கொண்டுபோய் பஸ்ஸுக்குக் கொடுக்க அவள் தயாராக இல்லை.

ஆகவே ஒரு திட்டம் போட்டாள். அதைக் காகிதத்தில் எழுதி, மடித்து, கணவன் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள்.

திட்டம் ரொம்ப எளிமையானது. சைக்கிள் மதியம் முக்குக்கு வர வேண்டும். அவளும் கூட வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மடிப்புப் பகுதியில் நெட்டை என்று ஒருத்தி. நிலைப்படிக்கு நிலைப்படி தலையைக் குனிந்து போகிற உயரம். வருஷக்கணக்காக மடிப்பு விரிப்பின் ஒரு முனையைப் பிடித்தால் எதிர்முனையைப் பிடிக்கிறவள் அவள்தான். அவளுக்கும் மதியத்தோடு ஷிப்டு முடியும். அவள் வீடு முக்கைத் தாண்டிப் போகிற வழியில். தினமும் நடந்துதான் போகிறாள். அவள் சைக்கிளை முக்குவரை ஓட்டிவந்து கொடுத்தால் அவளுக்குப் பாதி நடை மிச்சம், இவர்களுக்குப் பிரச்சினை தீர்ந்தது. சாயங்காலம் மடிப்பு ஆற அமர நடந்தோ, காலியாக வருகிற பஸ்ஸிலோ வீட்டுக்கு வந்துகொள்வாள். திரும்பி வருவதற்கு என்ன அவசரம்?

மேனேஜரம்மாவும், "சனிக்கிழமை ஒருநாள் ஆறு மணிவரைக்கும் இருந்து பாரு," என்றார். நெட்டையிடம் எல்லாம் சொன்னாள். ஸ்பேனர் எங்கே, சாவி எங்கே, பாலத்து இறக்கத்தில் முன்பிரேக்கை மட்டும் பிடிக்கக் கூடாது. நெட்டை அவள் கணவனைப் பார்த்ததில்லை என்பதால் அடையாளமும் சொன்னாள்: "முக்குல ஒருத்தர் நிப்பாரு. சைக்கிளைக் கண்டதும் கை நீட்டுவாரு. அவர்தான்."

இத்தனையும் சரியாகச் செய்த பிறகு, சனிக்கிழமை சைக்கிள் வரவில்லை.

அவன் முக்கில் நின்று நின்று பார்த்துவிட்டு, ஓட்டமும் நடையுமாகப் போய், மரத்தூள் ஏற்றிய லாரி ஒன்றில் தொற்றிக்கொண்டு ஐஸ் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர்ந்தபோது முந்தின ஷிப்டுக்காரர் வாயில் வந்ததையெல்லாம் சொன்னார். ஃபோர்மேன் அதிகம் பேசவில்லை. "இன்னொரு தடவை இப்படின்னா கம்ப்ரஸரை விட்டுட்டு கிரஷருக்குப் போயிடு. கட்டி உடைக்க ஆள் வேணும்," என்றார். ஷிப்டு முடிந்து நடந்தே திரும்பியவன் விடிந்ததும் மனைவியிடம் சொன்னது ஒரே வார்த்தை: "வரல." அவளும் தோண்டிக் கேட்கவில்லை. நெட்டையிடம் போனும் கிடையாது. விஷயம் தையல்காரர் காதுக்கு எப்படிப் போனதோ, தேநீர் கொதிப்பதற்குள் மூன்று பேரும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"அக்கா, கேக்குறேன்னு தப்பா நினைக்காத," என்றான் தம்பி. "நீ வேண்டாம்னு எழுதிட்டா மேனேஜரம்மா அடுத்து யாரைக் கேப்பாங்க?"

"நெட்டையை."

தையல்காரரின் நாடா நின்றது. கூரியரம்மா கைப்பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"சுத்தம்," என்றான் தம்பி. "பாலுக்குப் பூனையைக் காவல் வெச்சிருக்க."

"கைமாத்தினதுக்கு ஏதாவது எழுதி வாங்கினியாம்மா?" என்றார் கூரியரம்மா. "எங்க ஆபீஸ்ல ஒரு குண்டூசிப் பொட்டலம்னாலும் கையெழுத்து இல்லாம நகராது."

"சைக்கிளுக்குக் கையெழுத்தா அக்கா?"

"பின்ன? இப்ப பாரு, சைக்கிளும் இல்ல, வேலையும் இல்ல, இவனுக்குக் கிரஷரு."

தையல்காரர் தொண்டையைக் கனைத்தார். "நான் சொல்றதைக் கேளும்மா. துணி பத்தலன்னா உடம்பைக் குறைக்க முடியாது. சட்டையைத்தான் குறைக்கணும். நமக்கு எவ்வளவு துணியோ அவ்வளவுக்குத் தைப்போம். வேண்டாம்னு மரியாதையா ஒரு வரி எழுதிப் போட்டுடு."

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் இன்னும் நகத்தையே சுரண்டிக்கொண்டிருந்தான். அவன் காது மடல் சிவந்திருந்தது. கோபம் வந்தால் அவனுக்கு மூக்குதான் சிவக்கும், காது அல்ல. அதை அவள் குறித்துக்கொண்டாள்.

நெட்டையைப் பற்றிச் சொன்னது அவளுக்குள் ஒரு முள்ளாகக் குத்தியது உண்மை. ஆனால் ஈர விரிப்பின் மறுமுனையைப் பிடிக்கிறவளைப் பற்றி நம் கையே நமக்குச் சொல்லிவிடும். ஏமாற்றுகிறவள் முனையைத் தளர்த்திப் பிடிப்பாள், பாரம் நம் பக்கம் வரும். நெட்டை ஒருநாளும் தளர்த்திப் பிடித்ததில்லை. உயரத்தால் அவள் பக்கம் மேலே போகிறது என்று முழங்காலை மடக்கி நின்றே மடித்துக் கொடுப்பவள்.

"அவ அப்படிச் செய்ய மாட்டா," என்றாள். "வேற என்னமோ நடந்திருக்கு. என்னன்னு தெரியாம நான் ஒரு வரியும் எழுதப் போறதில்ல மாமா."

சொல்லி வாய் மூடவில்லை, படிக்கட்டில் ஒரு சத்தம். மணி ஒன்று சுவரில் இடித்து 'ணங்' என்றது. பிறகு மூச்சு வாங்குகிற சத்தம். பிறகு இன்னொரு 'ணங்'. தம்பி எழுந்து வழிவிட்டான். முதலில் ஒரு முன் சக்கரம் உள்ளே வந்தது. பிறகு ஹேண்டில்பார். அதற்கும் பின்னால், சைக்கிளின் குறுக்குக் கம்பியைத் தோளில் மாட்டிக்கொண்டு, நிலையில் இடிக்காமல் தலையைக் குனிந்து நெட்டை வந்தாள்.

"தண்ணி," என்றாள் முதலில். குடித்துவிட்டு, "மனுஷங்க குடியிருக்கிற உயரமாடி இது?" என்றாள் அடுத்து. பிறகு சைக்கிளை ஜன்னலுக்குக் கீழே சாக்கின்மேல் நிறுத்தினாள். கோபம் தணியாமல் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மடிப்பைப் பார்த்தாள்.

"எங்கடி உன் வீட்டுக்காரரு? அவரை நான் ஒரு வார்த்தை கேக்கணும். ஒரு பொம்பளையை ரோட்டுல அப்படி அலைய விடுறதா? முக்குல நிப்பாரு, கை நீட்டுவாருன்னு சொன்னியே. ஒரு பயலும் கை நீட்டல. உன் வீடு எதுன்னும் எனக்குத் தெரியாது, இன்னிக்குத்தான் விசாரிச்சுகிட்டு வந்தேன். ராத்திரி பூரா உன் சைக்கிளைக் கட்டில் காலோட சேத்துக் கட்டிப்போட்டு, காணாமப் போயிடுமோன்னு பயந்து பயந்து முழிச்சுப் பாத்தேன். இன்னிக்கு எனக்கு ஞாயித்துக்கிழமை டூட்டி வேற, எட்டு மணிக்குப் போகணும்."

"இதோ இவர்தான்," என்றாள் மடிப்பு.

நெட்டை தரையில் இருந்தவனைப் பார்த்தாள். கொஞ்சம் குனிந்து பார்த்தாள்.

"இவரா?" என்றாள். "அட, இவரைத்தானே நான் சுத்திச் சுத்தி வந்தேன்! ரப்பர் ஸ்டாம்பு கடை வாசல்ல நீலச் சட்டை போட்டுகிட்டு நின்னாரு. நான் பெல் அடிச்சுகிட்டே பக்கத்துல போறேன். ரெண்டடி பின்னால போய் எனக்கு வழி விட்டாருடி! கை நீட்டுவாருன்னு சொன்னியே, நீட்டத்தான் செஞ்சாரு. 'போங்க போங்க'ன்னு!"

தம்பிக்குப் புரை ஏறியது.

"சரி, நிறுத்திக் கேப்போம்னு பிரேக்கைப் பிடிச்சா, என்னைப் பாக்காம எனக்குப் பின்னால ரோட்டை எட்டி எட்டிப் பாக்குறாரு. யாருக்கோ காத்திருக்கிற மனுஷன், நாம ஏன் தொந்தரவு பண்ணணும்னு விட்டுட்டேன். அடுத்த முக்குவரைக்கும் போய்ப் பாத்தேன். திரும்பி வந்தேன். திரும்பியும் வழி விட்டாரு!"

அறையிலிருந்த எல்லோரும் வீட்டுக்காரனைப் பார்த்தார்கள். சுவர் இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் நல்லது என்பதுபோல அவன் சாய்ந்துகொண்டான்.

"டேய்," என்றார் தையல்காரர். "உன் சொந்த சைக்கிள் உனக்கே தெரியலையாடா?"

"தெரிஞ்சுது."

"தெரிஞ்சுதா!"

"ரெண்டாவது தடவை வந்தப்ப, 'அட, நம்ம சைக்கிள் மாதிரியே ஒண்ணு ஊர்ல ஓடுதே'ன்னு நினைச்சேன்." குரல் தரையைப் பார்த்தே வந்தது. "சீட்டு ரொம்ப மேல இருந்துச்சு. அவ்வளவு மேல நான் பாத்ததில்ல. 'நல்லா வெச்சிருக்காங்க வண்டியை'ன்னுகூட நினைச்சேன்."

தம்பி வாசற்படியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கூரியரம்மாவே உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"மச்சான், ஆறு வருஷமா ஓட்டுற வண்டி மச்சான்!"

"ஓட்டுறேன் மாப்ளே. மேல உக்காந்து ஓட்டுறேன். பெல்லு தெரியும், ஹேண்டில்பார் தெரியும். எதிர்ல வந்தா எப்படி இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தினமும் எதிர்லதானேடா வருது!"

"வருது," என்றான் அவன். இப்போதுதான் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினான். அண்ணனைப் பார்க்கவில்லை, சமையலறை நிலையைப் பார்த்தான். "வேற ஆள் வரும்னு நேத்து தெரியும், ஆனாலும் கண்ணு இவளைத்தான் தேடுச்சு. நான் எந்த நாளும் சைக்கிளைப் பாக்கல. முக்கு திரும்பும்போது இவ தலை தெரியும். இவ வந்துட்டான்னா போதும். சைக்கிள் எப்படியும் இவளுக்குக் கீழதானே இருக்கும்?"

 சமையலறையில் தேநீர் பொங்கி அடுப்பில் வழிந்தது. அதை அணைக்க யாரும் நகரவில்லை. பிறகு நெட்டைதான் போய் அணைத்தாள்.

மடிப்பு நினைத்துப் பார்த்தாள். இத்தனை நாளும் அவன் கை நீட்டுவது ஹேண்டில்பாருக்கு என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஷிப்டுக்கு நேரமாகிறதே என்ற அவசரம் என்று. அந்தக் கை முதலில் போவது அவள் தோள்பைக்கு. அதை வாங்கிக் கடைப்படியில் வைத்துவிட்டுத்தான் சைக்கிளைத் தொடுவான். பக்கத்தில் நின்றே இதைப் பார்க்காமல் இருந்திருக்கிறாள். திட்டத்தில் ஸ்பேனர் எழுதினாள், சாவி எழுதினாள், பிரேக் எழுதினாள். 'ஆளைப் பாக்காதீங்க, சைக்கிளைப் பாருங்க' என்று எழுத வேண்டும் என்று அவளுக்கு எப்படித் தோன்றியிருக்கும்?

"இதை நீங்க காலையிலேயே சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். திட்ட வேண்டும் என்றுதான் ஆரம்பித்தாள். பாதியில் குரல் வேறு பக்கம் போய்விட்டது.

"சொன்னா சிரிப்பாங்க."

"இப்ப மட்டும் அழுறாங்களா?" என்றான் தம்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. பிறகு நெட்டையின் பக்கம் திரும்பினான். அவன் முகத்தில் கொஞ்சம் குற்ற உணர்ச்சி. "அக்கா, உங்களைத் தப்பா பேசிட்டேன். அந்த மேற்பார்வை வேலைக்காக நீங்கதான் சைக்கிளை..."

"ஓ, அப்படி வேற ஓடுச்சா?" நெட்டை அவனை மேலிருந்து கீழே பார்த்தாள், அவள் உயரத்துக்கு அது சுலபம். "எனக்கு அந்த வேலை வேணும்னா மேனேஜரம்மா எதிர்ல போய் நின்னு எனக்குத்தான் தரணும்னு கேப்பேன் தம்பி. அதுக்கு ஒரு ஓட்டை சைக்கிளைத் திருடணுமா? இவ நாற்காலியில உக்காந்தா எனக்கு எதிர்முனை பிடிக்க வேற ஆளைப் போடுவாங்களேன்னு ஒரு வருத்தம் இருக்கு. அவ்வளவுதான்."

"ஓட்டை சைக்கிள்னு சொல்லாதீங்க," என்றான் வீட்டுக்காரன்.

"ஆமா, ரோஷம் மட்டும் வந்துடும்."

தையல்காரர் நாடாவைக் கழுத்தில் சரி செய்துகொண்டார். சிரிப்பில் அவரும் கலந்துகொண்டார் என்றாலும் கவலை அவரைவிட்டுப் போகவில்லை. "எல்லாம் சரிம்மா. ஆனா ஒரு தடவை கோட்டை விட்டாச்சு. இன்னொரு தடவைன்னா இவன் கிரஷர்ல போய்க் கட்டி உடைக்கணும். இன்னிக்கு மதியம் சைக்கிள் ஒழுங்கா இவன் கைக்கு வருதான்னு பாத்துட்டு, சாயங்காலமா எழுதேன். நாளைக்குக் காலைவரைக்கும் நேரம் இருக்கே."

நியாயமான பேச்சுதான். மடிப்பு கேட்டுக்கொண்டாள். சைக்கிளிடம் போய் உட்கார்ந்தாள். நெட்டை ஏற்றியிருந்த சீட்டு அப்படியே உயரத்தில் நின்றது. வெள்ளைக் கோட்டுக்கும் சிவப்புக் கோட்டுக்கும் கீழே கம்பி பளபளவென்று, யாரும் தொடாத மாதிரி இருந்தது.

"ஏங்க, இங்க வாங்க," என்றாள். "இது நெட்டையோட உயரம். இதுக்கு ஒரு கோடு போடணும். தினமும் தேடிக்கிட்டு இருக்க முடியாது."

அவன் எழுந்து வந்தான். பெயிண்டு தேடினான், பழைய டப்பாவில் அது கட்டியாகிக் கிடந்தது. அப்போது கட்டில் பக்கம் ஜிப் திறக்கிற சத்தம் கேட்டது. கூரியரம்மா கைப்பைக்குள் கையை விட்டு ஒரு தடித்த மார்க்கரை எடுத்து நீட்டினார்.

"பார்சல்மேல எழுதுறது. மழையில நனைஞ்சாலும் போகாது," என்றார். பையை மடியிலிருந்து இறக்கிக் கட்டில்மேல் வைத்தது அதற்கப்புறம்தான்.

அவன் நீலத்தில் ஒரு கோடு போட்டான். கம்பியைச் சுற்றி முழுவதும். போட்டு முடித்தவுடன் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போய், சைக்கிளை நேருக்கு நேர் நின்று பார்த்தான். ஒரு புது ஆளை அறிமுகம் செய்துகொள்கிற மாதிரி பார்த்தான். முன் மட்கார்டில் ஒரு நெளிவு. விளக்கின் கண்ணாடியில் குறுக்கே ஒரு கீறல். பெல் கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்திருக்கிறது.

"விளக்குல கீறல் இருக்கா?" என்றான்.

"நாலு வருஷமா இருக்கு."

அவன் அவள் பக்கத்தில் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னான்: "கண்டுபிடிச்சுடுவேன். அது பெரிசில்ல. மதியத்துல உன்னைப் பாக்க முடியாதே, அதுதான்."

"திட்டத்தைக் கடைசிவரைக்கும் படிச்சீங்களா, இல்ல பாதியில தூங்கிட்டீங்களா?"

அவன் விழித்தான்.

"காலையில எட்டு மணிக்குத்தான் நான் அங்க இருக்கணும். இனிமே நீங்க முழிக்கும்போது நான் வீட்டுல இருப்பேன். ரெண்டு பேரும் உக்காந்து டீ குடிக்கலாம். ஸ்பேனர் இல்லாம பேசலாம். கடைசி வரியில எழுதியிருந்தேன்."

அவன் படிக்கவில்லை என்பது அவன் காதிலேயே தெரிந்தது. இம்முறை இரண்டு காதும்.

மடிப்பு அலமாரியிலிருந்து வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்தாள். மேஜை இல்லாததால் தட்டு ஒன்றைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். வலது மேல்மூலையில் தேதி. இடது பக்கம் 'மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு'. தாங்கள் புதன்கிழமை நேரில் கூறிய பொறுப்பை முழுச் சம்மதத்துடன் ஏற்றுக்கொள்கிறேன். தாங்கள் குறிப்பிடும் நாள் முதல் காலை எட்டு மணிக்கு முன்பாகவே வந்துவிடுவேன். எதிர்முனை பிடிக்க இப்போது இருப்பவரை மாற்ற வேண்டாம் என்று ஒரு வேண்டுகோள். ஓய்வு நேரத்தில் நானே அவருடன் மடித்துக்கொள்வேன். இப்படிக்கு. கையெழுத்து. அடித்தல் திருத்தல் எதுவும் இல்லை. தையல்காரர் நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"சாயங்காலம்வரைக்கும் பொறுக்கலாம்னு சொன்னேனேம்மா."

"சாயங்காலம் எழுதினா, சைக்கிள் வந்ததால எழுதினேன்னு ஆகும் மாமா. எனக்கு வேலை வேணும், அதனால எழுதுறேன். சைக்கிள் வரும். வரலன்னா நெட்டை தோள்ல தூக்கிட்டு வருவா, பாத்தீங்கள்ல."

"திரும்பவும் மூணு மாடியா? ஆளை விடுடி," என்றாள் நெட்டை.

தையல்காரர் நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து, சுருட்டி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அது அவர் வேலை முடிந்தது என்று காட்டுகிற விதம். "எழுத்து நேரா இருக்கு," என்றார்.

மடிப்பு தாளை ஓரத்தோடு ஓரம் சேர்த்து மூன்றாக மடித்தாள். உறைக்குள் விரல் நுழைய இடமின்றி அது கச்சிதமாக உட்கார்ந்தது. பசை தடவி, ஒட்டும் ஓரத்தைக் கட்டைவிரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அழுத்தித் தேய்த்தாள், விரிப்பின் கடைசி மடிப்பைத் தேய்ப்பதுபோல. உறைமேல் மேலாளரின் பதவியை எழுதினாள். கூரியரம்மா அதை வாங்கி, திருப்பிப் பார்த்து, ஒட்டு பிரியவில்லை என்று உறுதி செய்துகொண்டு நெட்டையிடம் கொடுத்தார். "அனுப்பினவங்க, வாங்கினவங்க, ரெண்டு பக்கமும் ஆள் இருக்கு. போயிட்டு வாம்மா," என்றார்.

வீட்டுக்காரன் சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் இறங்க, தம்பி கீழே போய் ஓரம்கட்டியிருந்த வேனை நகர்த்தி வழிவிட்டான். நெட்டை உறையை ஹேண்டில்பாரில் தொங்கிய பைக்குள் வைத்து, நீலக் கோட்டில் நின்ற சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். மதியம் அதே முக்கு. அதே நீலச் சட்டை.

"இந்தத் தடவை வழி விட்டீங்கன்னா மேல ஏத்திடுவேன்!" என்று திரும்பிப் பார்க்காமலே கத்திவிட்டு மிதித்தாள்.

மேலே ஜன்னலில் மடிப்பு நின்று, கீழே தெருவில் நின்ற கணவனைப் பார்த்தாள். அவன் நெட்டையைப் பார்க்கவில்லை. கழுத்தை நீட்டி, கண்ணைச் சுருக்கி, கடிதத்தைச் சுமந்துகொண்டு ரொட்டிக்கடைப் பக்கம் திரும்புகிற சைக்கிளை, அதன் பின் சக்கரம் மறைகிறவரை பார்த்துக்கொண்டே நின்றான்.